பழைய யூசர் ஃபோல்டர்களை நீக்குவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில், வேலையை விட்டுப் போன பையன்கள் பெயரில் யூசர்ஸுக்குள் நாலு ஃபோல்டர் கிடக்கு சார். சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. ஷிஃப்ட் டெலீட் அடிச்சிடலாமா?

பதில்: கூடாது சார். ஃபோல்டர் போனாலும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில் அதன் பதிவு அப்படியே நிற்கும். அந்தக் கணக்கில் மறுபடி யாராவது நுழைந்தால், விண்டோஸ் இல்லாத ஃபோல்டரைத் தேடிவிட்டுத் தற்காலிக ப்ரொஃபைலில் (ஒரு யூசருக்கான ஃபோல்டரும் அமைப்புகளும் சேர்ந்ததுதான் ப்ரொஃபைல்) கொண்டுபோய் விடும். அதில் டெஸ்க்டாப்பில் சேமித்ததெல்லாம் சைன் அவுட் செய்ததும் காணாமல் போகும்.

அட்மின் கணக்கில் நுழைந்து, ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடுங்கள். வரும் பெட்டியில் யூசர் ப்ரொஃபைல்ஸ் பகுதியின் செட்டிங்ஸை அழுத்தினால், யார் ப்ரொஃபைல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். வேண்டாததைத் தேர்ந்து டெலீட் கொடுத்தால் ஃபோல்டரும் பதிவும் சேர்ந்தே போய்விடும். கணக்கு மட்டும் மிஞ்சும். அதுவும் வேண்டாமென்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ரிமூவ் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு டெலீட் பட்டன் மங்கலா இருக்கு அண்ணா.

பதில்: அந்தக் கணக்கு பின்னணியில் திறந்திருக்கும். ரீஸ்டார்ட் செய்து அட்மினில் மட்டும் நுழைந்து பாருங்கள் தம்பி. நீங்கள் இப்போது நுழைந்திருக்கும் ப்ரொஃபைலை அங்கே நீக்கவே முடியாது.

கேள்வி: டாக்குமென்ட்ஸ், போட்டோ எல்லாம் காப்பி எடுத்துட்டேன். போதுமா?

பதில்: போதாதும்மா. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் பாருங்கள். புரோகிராம்கள் தங்கள் தகவல்களை வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர் மறைந்திருக்கும், எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை இயக்கினால்தான் கண்ணில் படும். குரோம் புக்மார்க்குகள் அதற்குள்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து, ஒருவர் தனக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்களும் அங்கேதான் போகின்றன. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள்; இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் மேகக் குறியோடு நிற்கும் கோப்புகள் கம்ப்யூட்டரிலேயே இல்லை. உரியவரை அவர் கணக்கில் நுழையச் சொல்லி முதலில் இறக்கிக்கொள்ளுங்கள். பென்டிரைவுக்கு மாற்றியதும் நாலைந்து கோப்புகளையாவது திறந்து பார்த்துவிட்டு நீக்குங்கள்.

கேள்வி: பப்ளிக், டிஃபால்ட், டிஃபால்ட்யூசர்0 எல்லாம் யாருடையது?

பதில்: முதல் இரண்டையும் தொடாதீர்கள். பப்ளிக் எல்லாருக்கும் பொது. புதுக் கணக்கு தொடங்கும்போது டிஃபால்ட்டைப் பார்த்துத்தான் விண்டோஸ் ஃபோல்டர் அமைக்கிறது. டிஃபால்ட்யூசர்0 விண்டோஸ் நிறுவும்போது தங்கிவிடுவது. மேலே சொன்ன வழியில் நீக்கலாம்.

கேள்வி: என் பெயரிலேயே ரெண்டு ஃபோல்டர் இருக்கு. எது பழசு?

பதில்: தேதியை நம்பாதீர்கள். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் யூசர்ப்ரொஃபைல் என்று ஆங்கிலத்தில், இரு பக்கமும் சதவீதக் குறி வைத்து அடித்து என்டர் தட்டுங்கள். திறப்பதுதான் இப்போது நீங்கள் பயன்படுத்துவது. மற்றதில் என்ன இருக்கிறதென்று பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு பிறகு நீக்குங்கள்.