அடை வைக்க முதல் முட்டையை என்னண்டு வைச்சிருக்கிறது? கேள்வி பதில்

மாங்குளத்திலையிருந்து ஒரு தங்கச்சி: அண்ணை, இன்குபேற்றர் (குஞ்சு பொரிக்கிற பெட்டி) 56 முட்டை பிடிக்கும், என்னட்டைப் பேடு ஆறுதான். நிரம்பும்வரை சேர்த்து வைக்கலாமோ?

பெட்டி நிரம்பவேணுமெண்டு ஆர் சொன்னது? ஊர்ப்பேடு ஆறும் ஒரேநாளிலை இடாது, 56 சேர ரெண்டு கிழமை தாண்டும். புத்தகத்திலை 7 நாள் எண்டு போட்டிருக்கிறது 15 தொடக்கம் 18 டிகிரியிலை வைக்கிற ஆக்களுக்கு, எங்களுக்கு சித்திரை வைகாசியிலை வீட்டுக்குள்ளையே 32, 33 நிக்கும். கிட்டத்தட்ட 21க்குக் கீழை போனாத்தான் கரு நித்திரையா இருக்கும், அதுக்கு மேலை எண்டா அடை வைக்கிற 37.5ம் இல்லாம குளிரும் இல்லாம நாள்பட அரைகுறையா வளந்து செத்துப்போகும், பிறகு நீங்கள் சேவலிலை பிழை சொல்லுவியள். வெறும் அறை எண்டா 4 நாள், அதுக்குமேலை வேண்டாம். ரெஜிபோம் (வெள்ளை நுரை) பெட்டிக்குள்ளை ஐஸ் போத்திலைத் துணியிலை சுத்தி ஒரு மூலையிலை வைச்சு, தெர்மாமீற்றரும் போட்டு 18க்கு கிட்ட பிடிச்சா 7 நாள் வரும். தகரக் கொட்டிலுக்குள்ளை வைச்சிட்டு என்னட்டைக் கேக்கவேண்டாம். முட்டையிலை பென்சிலாலை திகதி எழுதுங்கோ, பேனை வேண்டாம்.

துணுக்காய்: பிறிஜ்ஜிலை வைக்கலாமோ?

வேண்டாம். 4 டிகிரி கருவுக்குக் கூடின குளிர்.

முழங்காவில்: எச்சம் பட்டதைக் கழுவலாமோ?

கழுவாதேங்கோ. கோதுக்கு மேலை இருக்கிற மெல்லிய பூச்சு போனா கிருமி உள்ளுக்குப் போகும். காய்ஞ்ச துணியாலை தட்டிவிடுங்கோ, கனக்க ஊத்தை எண்டா பொரிச்சுச் சாப்பிடுங்கோ. திகதி எழுதினீங்களோ?

புதுக்குடியிருப்பிலை ஒரு ஐயா: எங்கடை அம்மம்மா தெர்மாமீற்றரைக் கண்டதுமில்லை. பேடு ரெண்டு கிழமையா பன்ரண்டு முட்டை இட்டுப்போட்டுப் படுக்குது, எல்லாம் பொரிக்குது. உங்கடை 4 நாள் என்ன கணக்கு?

நல்ல கேள்வி ஐயா, ஆனா பேடு சும்மா போட்டிட்டுப் போறேல்லை. ஒவ்வொருக்காலும் புது முட்டை இட வரேக்கை பழைய முட்டைக்கு மேலையும் கொஞ்சநேரம் குந்தியிருக்கும், உருட்டியும் விடும். அந்தச் சின்னச் சூட்டிலை கரு தன்னைத் திருத்திக்கொள்ளும், குஞ்சு பொரிச்சு விக்கிற பெரிய ஹச்சரிக்காரரும் நாள்பட்ட முட்டைக்கு இதையே கணக்கா சூடு குடுத்துச் செய்யினம். அம்மம்மா பேட்டின்ரை மூலையைக் குளிர்மையான இடத்திலை வைச்சிருப்பா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

அதே ஐயா: அப்ப நானும் தினம் அரை மணித்தியாலம் இன்குபேற்றருக்குள்ளை வைச்செடுக்கவோ?

வேண்டாம் ஐயா. குளிர் முட்டை சூட்டுக்குள்ளை போனா கோது வேர்க்கும், ஈரத்தோடை கிருமியும் போகும். அடை வைக்கிற அண்டைக்கும் முதல் நாலைஞ்சு மணித்தியாலம் அறையிலை விட்டிட்டுத்தான் வையுங்கோ. உங்களிட்டை அடைக்கோழி இருந்தா இன்குபேற்றரை விட்டிட்டு அதிட்டையே குடுங்கோ, நான் கோவிக்கமாட்டன்.

(இதுக்குள்ளை இன்னும் மூண்டுபேர், இடியிலை முட்டை கெடாமல் இருக்க பக்கத்திலை இரும்பாணி வைக்கோணுமோ எண்டு கேட்டினம். ஆணியாலை கெடுதியில்லை, வையுங்கோ. ஐப்பசி இடியோடை கரண்டும் போகும், அதுதான் முட்டையைக் கெடுக்கிறது, இன்குபேற்றரின்ரை பற்றறியைப் பாருங்கோ.)

ஒட்டுசுட்டான்: பிறிஜ்ஜின்ரை கீழ்த்தட்டிலை எண்டா?

மேலை வாசியுங்கோ.

நெடுங்கேணி: வாத்து முட்டை?

வைக்கிற முறை ஒண்டுதான், அடை 28 நாள். மிச்சத்தை வாத்து வளர்க்கிற ஆக்களிட்டைக் கேளுங்கோ.

கிளிநொச்சி: வவுனியாவிலையிருந்து பஸ்ஸிலை முட்டை வருது, வந்த உடனை வைக்கலாமோ?

ஒருநாள் ஆறவிடுங்கோ. கூர்ப்பக்கம் கீழை, பருத்த பக்கம் மேலை, முட்டைக்குள்ளை இருக்கிற காத்துப்பை குலுங்கினது அடங்கோணும். வெடிச்சதைக் கழிச்சுப்போட்டு அடுத்தநாள் வையுங்கோ, இட்ட திகதியை வித்த ஆளிட்டைக் கேளுங்கோ, சொல்லாட்டி வாங்காதேங்கோ.