வாழைப்பழ எசன்ஸின் மணம்: கேள்வி பதில்

கேள்வி: வாழைப்பழ எசன்ஸ் பழத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஐசோஅமைல் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும் வினைபுரிந்து உண்டாகும் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டரே அதன் முதன்மைப் பொருள்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் இரண்டையும் சம மோல் அளவில் எடுத்தோம். எவ்வளவு நேரம் காய்ச்சியும் முழுவதும் எஸ்டராக மாறவில்லையே?

பதில்: இது மீள்வினை, அதாவது உண்டான எஸ்டரும் நீரும் திரும்ப ஆல்கஹாலும் அமிலமுமாக மாறக்கூடியது என்பதால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் இரு திசை வேகமும் சமமாகிச் சமநிலை வந்துவிடும். அசிட்டிக் அமிலத்தைக் கூடுதலாக எடுங்கள், அல்லது உண்டாகும் நீரை அவ்வப்போது அகற்றுங்கள். சிறிதளவு சேர்க்கும் கந்தக அமிலம் வேகத்தைக் கூட்டும், சமநிலையை நகர்த்தாது. இந்த எஸ்டரின் ஆவி ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் என்பதால் பன்சன் சுடரை அருகில் வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படித் தயாரித்ததைக் கேக்கில் ஒரு துளி விடலாமா?

பதில்: கூடவே கூடாது. அதில் வினைபுரியாத ஆல்கஹாலும் அமிலமும் எஞ்சியிருக்கும். உணவுத் தரமென்று அச்சிட்ட குப்பியை வாங்குங்கள்.

கேள்வி: இன்றைய பழம் எசன்ஸைப் போல் மணப்பதில்லை. முன்பு மேலைநாடுகளில் விற்ற குரோ மிஷேல் ரகத்தைப் பார்த்துத்தான் இதை உருவாக்கினார்கள் என்கிறார்களே?

பதில்: அந்தக் கதையில் கால வரிசை பொருந்தவில்லை. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலேயே அமைல் அசிட்டேட் (இந்த எஸ்டருக்கு அன்று வழங்கிய பெயர்) கரைசல் பேரிக்காய் எண்ணெய் என்ற பெயரில் வைக்கப்பட்டிருந்தது. வேதியியலாளர் ஹோஃப்மன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வாழைப்பழம் அங்கே அன்றாடப் பண்டமானது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

கேள்வி: ஆனால் குரோ மிஷேலில் இந்த எஸ்டர் மிகுதி என்பது உண்மையல்லவா?

பதில்: மிகுதியாகவே இருக்கட்டும்; ஒற்றுமை இருப்பதாலேயே ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்தார்கள் என்றாகிவிடாது. பனாமா வாடல் நோயால் அந்த ரகம் ஏற்றுமதிச் சந்தையை இழந்து, 1960-களில் கேவண்டிஷ் அதன் இடத்தைப் பிடித்தது உண்மை. எனினும் எந்த ரகத்தின் மணமும் ஒரே சேர்மத்தால் ஆனதன்று. வேறு பல எஸ்டர்களும், கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினாலும் சேர்ந்தே அதை நிறைவு செய்கின்றன. எசன்ஸ் தட்டையாக மணப்பது அவை இல்லாத குறையால்தான்.

கேள்வி: தேனீப் பெட்டி அருகே வாழைப்பழ மிட்டாய் தின்னக் கூடாது என்பது மூடநம்பிக்கையா?

பதில்: இல்லை, அறிவியல். தேனீ கொட்டும்போது கொடுக்குப் பகுதியிலிருந்து வெளிப்படும் எச்சரிக்கை மணத்தில் இதே எஸ்டர் இருப்பதை 1962-இல் கண்டறிந்தார்கள். அந்த மணம் மற்ற தேனீக்களையும் கொட்டத் தூண்டும். எசன்ஸ் பட்ட கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் செய்ததை வடிகட்டிவிட்டு ஐஸ்கிரீமில் சேர்க்கலாமா?

பதில்: கேக்குக்குச் சொன்னதே இதற்கும். வடிகட்டினாலும் கூடாது.

கேள்வி: எசன்ஸ் மணத்தால் எனக்குத் தலைவலி வருகிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்?

பதில்: அதை மருத்துவரிடம் கேளுங்கள்.