வளையத்தை எடுத்தாச்சு, இனி எப்படிச் சாப்பிடுவது?

போன இதழில் எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள்தான் எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய, பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் வயிற்றில் ‘லேப் பேண்ட்’ போட்டு இப்போது அதை எடுத்துவிட்டவர்களுடையவை. இவர்களை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது என் ஆதங்கம். போடும்போது பக்கம் பக்கமாக டயட் சார்ட் தருகிறார்கள், எடுக்கும்போது மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அவர்களுக்கே.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் சிலிக்கான் வளையம் இது. தோலுக்கு அடியில் ஒரு சின்ன போர்ட் இருக்கும், அதில் ஊசி வழியாக சலைன் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும்.

கேள்வி: எனக்கு 54 வயது. 2009-இல் இங்கே பேண்ட் போட்டு 31 கிலோ குறைந்தேன். பிறகு படுத்தால் சாப்பாடு மேலே வரும், இரவெல்லாம் இருமல். வளையம் நகர்ந்துவிட்டது என்று சொல்லி நான்கு மாதத்துக்கு முன் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரே பசி. அதற்குள் ஒன்பது கிலோ ஏறிவிட்டது. நான் பேண்டை ஒழுங்காகப் பாவிக்கவில்லை, அதுதான் இப்படி என்று இவர் சொல்கிறார். என்னுடைய பிழையா?
– ஒரு வாசகி, மெல்பேர்ன்

பதில்: இல்லை அம்மா, உங்கள் பிழை இல்லவே இல்லை. வளையம் இருந்தவரை அது இரைப்பையின் மேல்பகுதியை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தது, கொஞ்சம் சாப்பிட்டதுமே ‘போதும்’ என்ற செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் அந்தச் செய்தியும் நின்றுபோனது. போதாததற்கு, எடை குறைந்த உடம்பு சிக்கனமாகிவிடும், முன்பைவிடக் குறைவாகச் செலவழித்துக்கொண்டு விட்ட எடையைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றியவருக்கு எழுத்து மங்கினால் ‘நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை’ என்று யாராவது திட்டுவார்களா? இதுவும் அப்படித்தான். இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

நீங்கள் இருக்கும் ஊரில்தான் இந்த வளையத்தைப் பற்றி மிக நீண்ட ஆய்வுகளில் ஒன்று நடந்தது. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பால் ஓ'பிரையன் குழு 3,227 பேரின் விவரங்களை 2013-இல் வெளியிட்டது. பத்து வருடம் தாண்டியவர்களும், தங்களுக்கு அதிகமாக இருந்த எடையில் ஏறத்தாழ பாதி குறைந்த நிலையிலேயே இருந்தார்கள். வளையத்தை எடுக்க வேண்டி வந்தது நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. ஆனால் பிரஸ்ஸல்ஸில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் கழித்து 82 பேரைக் கூப்பிட்டுப் பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள், அங்கே கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எடுத்தாகிவிட்டது. அமெரிக்காவில் 2011-இல் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வளையம்தான், 2019-இல் நூற்றில் ஒன்றுகூட இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வளையம் நகர்வதும், இரைப்பையை அரித்துக்கொண்டு உள்ளே போவதும், மேலே உணவுக்குழாய் விரிந்துபோவதும் அந்தக் கருவியோடு கூடவே வந்த சிக்கல்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உங்களைப் போலவே எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பசியோடு சண்டை போடாதீர்கள். மூன்று வேளைக்கும் நேரம் வைத்து, பசி முற்றுவதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுங்கள். தட்டில் முதலில் மீனோ முட்டையோ பருப்போ காலியாகட்டும், அப்புறம் காய்கறி, கடைசியில்தான் இடியப்பமும் புட்டும். இடியப்பம் சொதியோடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், எத்தனை போனது என்றே தெரியாது, அதனால் நான்கை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு மூடியை மூடிவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு இருபது நிமிடமாவது ஓடட்டும். வளையம் இருந்தபோது நிறுத்தச் சொல்லி நெஞ்சு வலித்தது, இப்போது வலிக்காது, வயிறு லேசாக நிறையும் உணர்வைக் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் ஆகும். எடையை வாரம் ஒரு தடவை மட்டும் பாருங்கள். சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரையைக் குறைத்திருந்தால், எடை ஏறும்போது அவையும் ஏறலாம், உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் இன்னும் இருந்தால் தலைமாட்டை உயர்த்தி இடப்பக்கமாகப் படுங்கள், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது. பேண்டை எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மனைவி கஞ்சியைத் தவிர எதையும் கண்ணில் காட்டுவதில்லை. இட்லி, மட்டன் எல்லாம் எப்போது சாப்பிடலாம்? இன்னொரு சந்தேகம்: வளையம்தான் இல்லையே, நேற்று குழைந்த சாதம்கூட நெஞ்சில் நின்ற மாதிரி இருந்ததே, ஏன்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் மனைவி செய்வது சரிதான், ஆனால் கொஞ்சம் தளர்த்தலாம். பொதுவாக முதல் சில நாள் நீராகாரம்: ரசம், மோர், பருப்புத் தண்ணீர், பால். அடுத்து ஓரிரு வாரம் மசித்தது. இதில் சாம்பாரில் ஊறிய இட்லி, முட்டைப் பொடிமாஸ், கீரை மசியல் எல்லாம் அடங்கும், ஆகவே கஞ்சியோடு நிற்க வேண்டாம். அதற்குப் பிறகு தோசை, மீன், சப்பாத்தி. மட்டன் கடைசி, அதிலும் முதலில் கொத்துக்கறி. வளையம் இரைப்பையை அரித்துவிட்டதால் எடுத்திருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, தையல் ஆறும்வரை உங்கள் சர்ஜன் சொல்வதுதான் கணக்கு.

சிக்குவது போல இருப்பதற்குக் காரணம் உண்டு. இத்தனை வருடம் வளையம் இருந்த இடத்தில் உடம்பு அதைச் சுற்றி ஒரு தழும்புக் கூட்டைக் கட்டியிருக்கும். வளையம் வெளியே வந்தாலும் அந்தக் கூடு சில பேருக்கு இறுக்கமாகவே நிற்கும், ஆபரேஷன் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலும் வாரங்களில் சரியாகும். ஒன்றரை மாதம் கழித்தும் சிக்கினால் எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ கேளுங்கள். தண்ணீர்கூட இறங்கவில்லை, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, இடது தோளில் வலி, மலம் கறுப்பாகப் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வாந்தி நாள்கணக்கில் நீண்டால் வைட்டமின் பி1 குறைந்துவிடும். நடை தள்ளாடுவதும், பார்வை இரண்டிரண்டாகத் தெரிவதும் அதன் அடையாளம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பி1 ஊசி வேண்டுமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அப்புறம், இருபது லிட்டர் தண்ணீர் கேனை இப்போதைக்கு வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும், நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பேண்டை எடுத்து ஒரு வருடம் ஆகிவிட்டது, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஆனால் சப்பாத்தி, கோழி, பீன்ஸ் எதையும் தொடமாட்டேன் என்கிறார். டீயில் தோய்த்த பிஸ்கட், ஐஸ்கிரீம், சேமியா பாயசம், சிப்ஸ், இவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார். சொன்னால் கோபம் வருகிறது, எனக்கு அழுகை வருகிறது.
– ஒரு மகள், சென்னை

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா வீம்பு பண்ணவில்லை, அவர் பயந்திருக்கிறார்.

வளையம் இறுக்கமாக இருந்தவர்களுக்கு ஒரு வாய் சப்பாத்தி சரியாக மெல்லாமல் போய்விட்டால் நெஞ்சு அடைக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், ஓடிப்போய்த் துப்ப வேண்டும், கடைசியில் வாந்தி. இதெல்லாம் கல்யாணப் பந்தியிலும், ஆபீஸ் கேன்டீனிலும், சம்பந்தி வீட்டிலும் நடந்திருக்கும். அதனால் எது சிக்காமல் இறங்குமோ அதை மட்டும் தேடிப் போவார்கள். ஐஸ்கிரீம் உருகிவிடும், பிஸ்கட் டீயில் கரைந்துவிடும், சிப்ஸ் வாயிலேயே தூளாகிவிடும். உடம்புக்கு நல்லதெல்லாம் சிக்கியது, இனிப்பும் எண்ணெயும் சுலபமாக இறங்கியது, இதுதான் இந்த வளையம் நிறைய பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். வளையத்தை அரை மணி ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், வருடக்கணக்கில் பதிந்த பயம் அதோடு கூட வந்துவிடாது.

விருந்தாளிகள் இல்லாத ஒரு மதியம், நீங்களும் அம்மாவும் மட்டும் உட்காருங்கள். அவருக்குப் பிடித்த சாதத்தோடு புதிதாக ஒரே ஒரு பொருள், குருமாவில் ஊறிய சப்பாத்தித் துண்டு, கொண்டைக்கடலை அளவுக்கு. வாயில் பசையாகும்வரை மெல்லட்டும், விழுங்கியதும் ஒரு நிமிடம் சும்மா இருக்கட்டும். பயம் வந்தால் துப்பிவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணமும் வையுங்கள். ‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்சாதீர்கள். அந்த வாரம் முழுக்க அதே சப்பாத்தி, அடுத்த வாரம் வேகவைத்த மீன். கோழியைத் தொடைக்கறியாக, குழம்பில் நன்றாக வெந்ததாகக் கொடுங்கள், நெஞ்சுக்கறி வறண்டு அடைக்கும். ஐஸ்கிரீமை முதல் நாளே பிடுங்காதீர்கள், அவருக்குப் பத்திரமாகத் தெரிகிற ஒரே சாப்பாடு அதுதான், மற்றவை சேரச் சேர அதுவே குறையும். என்னிடம் வந்த ஒருவர் பதினோரு வருடம் கழித்து ஒரு ஆப்பிளைத் தோலோடு கடித்துச் சாப்பிட்ட அன்று ராத்திரி போன் பண்ணினார், பேசவே முடியவில்லை அவரால். அதற்கு அவருக்கு எட்டு மாதம் ஆனது.

கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெர்ரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), பி12, வைட்டமின் டி பார்த்துவிடுங்கள். டீயைச் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். வருடக்கணக்கில் வாந்தி எடுத்தவர்களுக்குப் பல் தேய்ந்திருக்கும், பல் வலிப்பதாலும் கடிக்கப் பயப்படலாம், பல் டாக்டரையும் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். அது சாப்பாட்டுப் பயத்துக்கான வைத்தியம்தான், அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கவே கூடாது என்று பழக்கியிருந்தார்கள். இப்போது குடிக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக, இரண்டு மூன்று மடக்கு. மெல்லாததைத் தள்ளிவிடுவதற்காக மட்டும் குடிக்காதீர்கள். சோடா, கோலா வகைகள் ஆறும்வரை வேண்டாம், வயிறு ஊதிக்கொண்டு கஷ்டப்படுத்தும்.

கேள்வி: வயது 34. நெஞ்செரிச்சல் தாங்காமல் பேண்டை எடுத்தேன். ஸ்லீவ் செய்துகொள் என்கிறார் ஒருவர், இப்போதுதான் எடைக்கு ஊசி வந்திருக்கிறதே என்கிறார் இன்னொருவர். அடுத்த வருடம் குழந்தைக்கும் முயற்சி செய்ய ஆசை.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நெஞ்செரிச்சலோடு இருப்பவருக்கு ஸ்லீவ் எனக்கு உடன்பாடில்லை. இரைப்பையைக் குழாய் மாதிரி ஆக்கும் அந்த ஆபரேஷன் நெஞ்செரிச்சலைக் கூட்டலாம், உங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவாக இரைப்பை பைபாஸைத்தான் (இரைப்பையில் சின்னப் பை ஒன்றை மட்டும் பிரித்து நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) பேசுவார்கள். அதையும் வளையம் எடுத்த இடம் ஆற மூன்று மாதம் போல விட்டுச் செய்கிறவர்கள் நிறைய பேர். முதல் தடவை ஆபரேஷனைவிட இதில் ஆபத்து சற்றுக் கூடுதல், இம்மாதிரி மறு ஆபரேஷன்கள் நிறைய செய்தவரிடம் போங்கள். பைபாஸ் செய்துகொண்டால் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். உங்கள் ஆசையோடு இது நேராக மோதுகிறது, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி என்றால், 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. பசியை நன்றாகக் குறைக்கும், உங்கள் நிலையில் இருக்கும் சிலருக்கு உதவியும் இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்புகிறது. கர்ப்பத்தில் போடக்கூடாது, வெகோவியை முயற்சிக்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். மவுன்ஜாரோ போட்டால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும், இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மருந்துக் கடையில் நேரடியாக வாங்கிப் போட்டுக்கொள்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சைவம். எடுத்த பிறகு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். முட்டையும் இல்லாமல் எப்படி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும், ஆனால் சாதத்தின் அளவு குறைந்தால்தான் வயிற்றில் இடம் இருக்கும். காலையில் 50 கிராம் பாசிப்பயறு அரைத்து ஊற்றிய இரண்டு தோசை, ஏறத்தாழ 12 கிராம். மதியம் 30 கிராம் துவரம்பருப்பில் கெட்டிப் பருப்பு 7, ஒரு கிண்ணம் தயிர் 6. சாயந்திரம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம், 8. ராத்திரி 75 கிராம் பனீர் 13, ஒரு டம்ளர் பால் 6. மீதியைச் சாதமும் கோதுமையும் நிரப்பிவிடும். சுண்டலைக் குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள், தோல் கடினமாக இருந்தால் முதல் சில வாரம் மசித்து வடையாக இல்லாமல் கட்லெட் மாதிரி தோசைக்கல்லில் போட்டு எடுங்கள். ஒரே வேளையில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்க்க வேண்டாம், நான்கு வேளைக்குப் பிரித்தால் நெஞ்சில் நிற்காது.