கட்டற்ற மென்பொருள், பழைய லேப்டாப், புதிய சண்டைகள்: கேள்வி பதில்

லினக்ஸ், சர்வர், மென்பொருள் உரிமங்கள், கணினி வன்பொருள் ஆகியவை பற்றிக் கேளுங்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கூடுதல் விளக்கம் வேண்டியவர்கள் மறுபடியும் கேட்கலாம்.

திருச்சியிலிருந்து: சார், வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் இருக்கிறது. 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏற மாட்டேன் என்கிறது. கடைக்காரர் புதிதாக வாங்கிவிடுங்கள் என்கிறார். உண்மையாகவே இதைக் கழித்துவிட வேண்டியதுதானா?

கழிக்க வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பிராசஸரும் வேண்டும் என்று விதித்தார்கள். நன்றாக ஓடும் லட்சக்கணக்கான கணினிகள் அந்த ஒரு விதியால்தான் 'பழையது' ஆகின. இதை நான் வீண் என்றே நினைக்கிறேன்.

விண்டோஸ் 10-லேயே இருந்தாக வேண்டும் என்றால், வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். நிரந்தரமாக மாறிக்கொள்ளலாம் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். டாலி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மாதிரி விண்டோஸை நம்பிய வேலை ஏதும் உண்டா என்றும் யோசியுங்கள். இருந்தால் அவசரப்பட வேண்டாம். உள்ளே இன்னும் ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிரைவ் போடுங்கள். கணினியின் வேகத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றம் அதில்தான் வரும்.

இன்ஸ்டால் தொடங்கும் முன் போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் வெளி டிரைவ் ஒன்றில் நகல் எடுத்து, அந்த டிரைவைக் கழற்றி வையுங்கள். 'டிஸ்க் முழுவதையும் அழிக்கவா?' என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது எந்த டிஸ்க் என்று படிக்காமல் அழுத்துகிறவர்கள் அதிகம்.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவி: அண்ணா, புராஜெக்டில் கேஷ் வைக்க ரெடிஸ் போடச் சொன்னார் எங்கள் வழிகாட்டி. சீனியர் ஒருவர் வால்கீ போடு என்கிறார். இரண்டும் ஒன்றா? ஏன் பிரிந்தார்கள்?

இரண்டுமே அடிக்கடி தேவைப்படும் தரவை ரேமில் வைத்து வேகமாகத் தரும் மென்பொருள்கள் (அப்படி வைப்பதுதான் கேஷ்). புராஜெக்டுக்கு எது போட்டாலும் ஓடும். வால்கீ, ரெடிஸ் 7.2.4-லிருந்து பிரிந்த கிளை. அடிப்படைக் கட்டளைகள் அப்படியே. நான் வால்கீ போடுவேன். காரணம் சொல்கிறேன்.

ரெடிஸை 2009-ல் சால்வடோர் சன்ஃபிலிப்போ என்ற இத்தாலிய நிரலாளர் எழுதி, பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் அழிக்கக் கூடாது என்பதுதான் அந்த உரிமத்தின் சாரம். பின்னால் அவர் ரெடிஸ் லேப்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். ரெடிஸ் என்ற பெயரின் வணிகச் சின்ன உரிமையும் அந்த நிறுவனத்துக்குப் போனது. 2020-ல் அவர் பராமரிப்பிலிருந்து விலகினார். 2018-ல் சில துணை மாட்யூல்களின் உரிமத்தை மாற்றியபோது, ரெடிஸின் மையப்பகுதி பிஎஸ்டியிலேயே இருக்கும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. 2024 மார்ச் 20-ல் அதையும் மாற்றியது. இனி எஸ்எஸ்பிஎல் (சேவையாக விற்பவர் தன் சேவையின் முழு நிரலையும் வெளியிட வேண்டும் என்னும் உரிமம்) அல்லது நிறுவனத்தின் சொந்த உரிமம் என்றது. எஸ்எஸ்பிஎல் உரிமத்தை, திறந்த மூல உரிமங்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு ஏற்கவில்லை. லினக்ஸ் வெளியீடுகளான டெபியனும் ஃபெடோராவும்கூட ஏற்கவில்லை.

எட்டே நாளில், பல நிறுவனங்கள் உறுப்பினராக இருக்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வால்கீயை அறிவித்தது. ரெடிஸின் மையக் குழுவில் இருந்த அமேசான் ஊழியரும் அங்கே போனார். கூகுள், ஆரக்கிள், எரிக்சன் ஆதரவு தந்தன. ஃபெடோரா 41-ல் ரெடிஸ் இருந்த இடத்துக்கு வால்கீ வந்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 வந்தபோது, ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்ற ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தார்கள். ஆக, இன்று ரெடிஸ் மறுபடியும் கட்டற்ற மென்பொருள்தான். நாளைக்கு இருக்குமா என்பது ஒரே நிறுவனத்தின் விருப்பம். வால்கீயில் அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எந்த ஒரு நிறுவனத்துக்கும் இல்லை.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா: ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமம் என்ன என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்த உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சேலத்திலிருந்து: சார், என்னிடம் நான்காம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10. என்ன செய்வது?

திருச்சிக்காரருக்குச் சொன்னதேதான். ரேம் 4 ஜிபி என்றால் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். முதலில் நகல் எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணா, 2 டெராபைட் பென்டிரைவ் ஒன்று சரியான மலிவாக ஆன்லைனில் கிடக்குது. எடுக்கலாமோ?

எடுக்க வேண்டாம். அந்த விலைக்கு 2 டெராபைட் வராது. உள்ளே சிறிய ஃப்ளாஷ் சில்லை வைத்து, கணினிக்கு '2 டெராபைட்' என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றி வைத்திருப்பார்கள். முதல் சில ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதற்குப் பிறகு எழுதுவது பழையதன் மேலேயே போய் விழும், அல்லது எங்கேயும் போகாது. கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கியவர்கள் லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரல்களை ஓட்டிப் பாருங்கள். டிரைவ் முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். ஒரே நகலை இப்படிப்பட்ட டிரைவில் வைத்துவிட்டு மூலத்தை அழித்தவர்களுக்கு என்னால் உதவ முடிந்ததில்லை.

சென்னை, மென்பொருள் நிறுவன ஊழியர்: ரெடிஸ் பற்றி நீங்கள் சொன்னது ஒருதலைப்பட்சம். சம்பளம் கொடுத்து ஆள் வைத்து வளர்த்தது ஒரு நிறுவனம். அதை எடுத்துச் சேவையாக விற்றுப் பெரும்பணம் பார்த்தது அமேசான். உரிமத்தை மாற்றாமல் அந்த நிறுவனம் என்ன செய்திருக்க வேண்டும்?

வலுவான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். அமேசான் செய்ததை அந்த உரிமம் அனுமதித்தது. அதை அனுமதித்ததால்தான் ரெடிஸ் உலகமெங்கும் பரவியது. ஊர் ஊராக நிரலாளர்கள் தைரியமாக எடுத்துப் போட்டார்கள், பிழை கண்டுபிடித்தார்கள், திருத்தம் அனுப்பினார்கள். அந்தத் திருத்தங்களும் பிஎஸ்டியில்தான் வந்தன. அனுப்பியவர்களுக்குச் சம்பளம் இல்லை. பரவும் வரை திறந்த கதவு, பரவிய பிறகு பூட்டு என்றால், திருத்தம் அனுப்பியவர்களுக்கு என்ன பதில்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். அதன் உரிமமும் பிஎஸ்டி போலவே தாராளமானது. அமேசான் 2013-லிருந்து அதையும் சேவையாக விற்கிறது. அங்கே ஏன் இந்தச் சண்டை வரவில்லை? அந்தத் திட்டம் எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தாகவும் இல்லை. பல நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து அதற்கு ஆள் வைத்திருக்கின்றன. மையக் குழுவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதைக் கடைப்பிடிக்கிறார்கள். அதன் மேல் சொந்தமாகச் சேர்த்து மூடிய பொருளாக விற்கும் நிறுவனமும் உண்டு, அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. மூலத்திட்டம் அப்படியே திறந்திருக்கிறது.

பெங்களூரு, டெவ்ஆப்ஸ்: டெராஃபார்ம் கதையும் இதேதானே?

கிட்டத்தட்ட. ஹாஷிகார்ப் நிறுவனம், சர்வர்களை நிரல் எழுதி அமைக்க உதவும் டெராஃபார்மை 2023 ஆகஸ்டில் எம்பிஎல் என்ற திறந்த மூல உரிமத்திலிருந்து, போட்டியாளர்கள் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. அடுத்த மாதமே, அதிலிருந்து பிரிந்த கிளையான ஓப்பன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தது. ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பிஎஸ்டி நிரலைப் போல் அல்லாமல், எம்பிஎல் நிரலை, அதை எழுதியவர்களின் அனுமதி இல்லாமல் அப்படி மாற்ற முடியாது. ஆனால் வெளியிலிருந்து நிரல் அனுப்பிய ஒவ்வொருவரிடமும் ஹாஷிகார்ப் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தது. மாற்றும் அதிகாரத்தை அந்த ஒப்பந்தம்தான் கொடுத்தது.

சென்னை, மறுபடியும்: ஒப்பந்தம் இல்லையென்றால் எந்த முதலீட்டாளரும் பணம் போடமாட்டார். சும்மா இருந்துகொண்டு எல்லாம் கட்டற்றதாகவே இருக்கட்டும் என்று சொல்வது எளிது. உங்கள் வழியில் சம்பளம் யார் கொடுப்பது?

சம்பளம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. விலை வைத்து விற்க விரும்பும் நிறுவனம் முதல் நாளிலேயே அப்படிச் சொல்லி விற்கட்டும், எனக்கு ஒரு குறையும் இல்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கித்தான் செய்கிறார்கள். இன்டெல், ரெட் ஹாட், கூகுள் எல்லாம் கொடுக்கின்றன. அங்கே பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அதன் உரிமமான ஜிபிஎல்லின் இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டும் என்றாலே அத்தனை பேரையும் கேட்க வேண்டும். அந்தச் சிதறல்தான் கெர்னலுக்குப் பாதுகாப்பு. அதை நம்பித்தான் ஒன்றுக்கொன்று போட்டியான நிறுவனங்கள் ஒரே நிரலுக்குப் பணம் போடுகின்றன.

சம்பளம் கிடைக்காதவர்களைப் பற்றி எனக்குக் கவலை நிறைய உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

சிங்கப்பூர், சிஸ்டம் அட்மின்: எக்ஸ்இசட் விவகாரம் மாதிரி இன்னொன்று நடக்குமா?

நடக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு இடம் கொடுத்த நிலைமை மாறவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல், லினக்ஸ் எங்கும் இருக்கும். அதை லாஸ்ஸே காலின் என்பவர் பல வருடம் கிட்டத்தட்டத் தனியாளாக, சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-ல் வேறு சில பெயர்களிலிருந்து அஞ்சல்கள் வந்தன: ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறீர்கள், இன்னொருவரைப் பொறுப்பில் சேருங்கள் என்று நெருக்கினார்கள். தனக்கு நீண்டகால மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று காலின் பொதுவிலேயே எழுதினார். அப்படியும் நெருக்கினார்கள். கடைசியில் ஜியா டானுக்கு வெளியீட்டுப் பொறுப்பு கிடைத்தது. 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல், அதாவது சர்வருக்குள் ரகசியமாக நுழையும் வழி, வைக்கப்பட்டிருந்தது.

கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், போஸ்ட்கிரெஸ் நிரலாளர். வேறொரு சோதனை செய்துகொண்டிருந்தவருக்கு, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவது உறுத்தியது. தோண்டிப் பார்த்து மார்ச் 29-ல் வெளியில் சொன்னார். டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் சோதனைப் பதிப்புகள், உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் சில லினக்ஸ் வெளியீடுகள் ஆகியவற்றோடு அது நின்றது. நிலையான பதிப்புகளுக்குப் போயிருந்தால் உலகமெங்கும் எண்ணற்ற சர்வர்கள் யாரோ ஒருவருக்குத் திறந்து கிடந்திருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டிய நுட்பம் ஒன்று. பின்வாசலை இயக்கும் கடைசித் துண்டு, நிரலை எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய டார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டும் இருந்தது. நிரல் எல்லாருக்கும் திறந்திருந்தும், எல்லாரும் பார்த்தது ஒன்று, இன்ஸ்டால் ஆனது வேறொன்று. முடிந்தவரை டார் கோப்பைத் தவிர்த்து, களஞ்சியத்திலிருந்தே கட்டுங்கள். உங்கள் சர்வரில் ஓடும் சிறு நிரல்களில் எவையெல்லாம் ஒரே ஆள் தோளில் நிற்கின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் நிறுவனத்திடம் சொல்லி அவர்களில் ஒருவருக்காவது மாதாமாதம் பணம் அனுப்ப வையுங்கள். சென்னை நண்பர் கேட்ட 'சம்பளம் யார் கொடுப்பது' என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் இது. உரிமத்தை மாற்றிய எந்த நிறுவனமும் காலின் மாதிரி ஒருவருக்காக மாற்றவில்லை.

மதுரையிலிருந்து: இருபதாயிரத்துக்குள் நல்ல போன் எது?

அது என் துறை இல்லை.

ஈரோட்டிலிருந்து: விண்டோஸ் 10 லேப்டாப்பில் கிராக் போட்டு 11 ஏற்றித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள், ஏற்றலாமா?

கிராக் வேண்டவே வேண்டாம். நிர்வாகி அனுமதியோடு ஓடும், யார் எழுதினார் என்று தெரியாத நிரல் அது. மற்றவற்றுக்குத் திருச்சிப் பதிலைப் படியுங்கள். விண்டோஸ் 10 பற்றி இனி தனித்தனியாகப் பதில் எழுதப் போவதில்லை.

திருநெல்வேலியிலிருந்து: வீட்டு சர்வருக்கு ராஸ்ப்பெர்ரி பை 5 என்ற சிறு கணினி வாங்கினேன். 65 வாட் லேப்டாப் சார்ஜர் போட்டும் 'பவர் போதவில்லை' என்கிறது. வெளி டிரைவும் ஓட மாட்டேன் என்கிறது. சார்ஜர் பழுதா?

சார்ஜர் பழுதில்லை. வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. பை 5 கேட்பது 5 வோல்ட்டில் 5 ஆம்பியர். உங்கள் சார்ஜர் 65 வாட்டை 20 வோல்ட்டில் கொடுக்கும், 5 வோல்ட்டில் பெரும்பாலும் 3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் கிடைக்காது என்று தெரிந்ததும் பை தன் யூஎஸ்பி துளைகளுக்கு மொத்தமாக 600 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். வெளி டிரைவுக்கு அது போதாது. பை 5-க்கென்று வரும் 27 வாட் அடாப்டரை வாங்குங்கள். வீட்டு சர்வர் என்றால் எஸ்டி கார்டை நம்ப வேண்டாம், ஓயாமல் எழுதினால் தேய்ந்துவிடும். என்விஎம்இ எஸ்எஸ்டி மாட்டுங்கள். அதற்கும் வேறோர் இடத்தில் நகல் வேண்டும்.

சென்னை, கடைசியாக: நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எங்கள் நிறுவனம் ஒரு சிறு லைப்ரரியைத் திறந்த மூலமாக வெளியிடப் போகிறது. வெளியிலிருந்து வரும் நிரலுக்கு ஒப்பந்தம் வாங்காமல் இருந்தால் சட்டச் சிக்கல் வராதா?

கேட்டதற்கு நன்றி. லினக்ஸ் கெர்னல் 2004-லிருந்து செய்வதையே செய்யுங்கள். டிசிஓ என்ற சிறிய சான்றுறுதி இருக்கிறது. அனுப்புகிறவர், இந்த நிரலை இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு கமிட்டிலும் (அனுப்பும் ஒவ்வொரு மாற்றப் பதிவிலும்) ஒரு வரி கையொப்பம் சேர்ப்பார். யாரோ ஒருவரின் நிரலைத் திருடி அனுப்பினால் பொறுப்பு யாருடையது என்பதற்குப் பதிவு இருக்கும். பிறர் எழுதிய நிரலின் உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை மட்டும் டிசிஓ உங்களுக்குத் தராது. அது வேண்டும் என்று உங்கள் நிர்வாகம் சொன்னால், ஏன் வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கி, திட்டத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் வரட்டும். சிறு லைப்ரரி என்றால் அப்பாச்சி 2.0 உரிமம் போதும், காப்புரிமை பற்றிய பிரிவும் அதில் உண்டு. உரிமக் கோப்பை முதல் கமிட்டிலேயே சேருங்கள். பத்துப் பேர் நிரல் அனுப்பிய பிறகு சேர்த்தால் பத்துப் பேரையும் தேடிப் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.