பேப் ரூத்தை விற்றதைத் தவிர ஜாக் டன் என்ன சாதித்தார்?

பின்னாளில் அமெரிக்க பேஸ்பாலின் மிகப் பெரிய நட்சத்திரமான ரூத்தை 1914 பிப்ரவரியில் தன் அணிக்கு ஒப்பந்தம் செய்து ஜூலையிலேயே விற்றுவிட்டாரே, அவ்வளவு விவரமில்லாதவரா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த மனிதர்மேல் பெரிய மரியாதை உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிறுவயதில் ரயில் மேலே ஏறியதில் இடது கை நசுங்கியவர் டன். கையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள், இவர் சம்மதிக்கவில்லை. அந்தக் கையோடுதான் பேஸ்பாலுக்கு வந்து 1899-ல் புரூக்ளின் அணிக்காக 23 ஆட்டங்களை வென்ற பிட்சர் (பந்து எறிபவர்) ஆனார். எறியும் கை ஓய்ந்தபின் மூன்றாம் பேஸ், ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ் என்று இன்ஃபீல்டில் (மைதானத்தின் உள்பகுதியில்) எங்கு நிறுத்தினாலும் ஆடினார். 1905-ல் பிராவிடன்ஸ் அணியின் மேலாளராகி முதல் ஆண்டிலேயே பட்டம். 1907-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற மைனர் லீக் (மேஜர் லீகுக்கு அடுத்த நிலை) அணிக்கு மேலாளர். இரண்டு வருடத்தில் அந்த அணியையே வாங்கிவிட்டார்.

இனி ரூத் விஷயம். 1914-ல் ஃபெடரல் லீக் என்ற போட்டி லீக் முளைத்து, டன்னின் மைதானத்துக்கு எதிரிலேயே ஓர் அணியை இறக்கியது. ஊர் ஜனம் அங்கே போய்விட்டது. ஓரியோல்ஸ் ஜெயித்துக்கொண்டே இருந்தும் பார்க்க ஆளில்லை. சம்பளம் கொடுக்கவே ரூத் உள்ளிட்டவர்களை விற்றார். மறுவருடம் அணியையே ரிச்மண்டுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இதை விவரமின்மை என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வந்து அவர் கட்டியதுதான் அசல் சாதனை. 1919 முதல் 1925 வரை தொடர்ந்து ஏழு பட்டங்கள்! 1921-ல் 119 வெற்றி, 47 தோல்வி; அதில் தொடர்ச்சியாக 27 வெற்றிகள். மைனர் லீக் வீரர்களை மேஜர் லீக் அணிகள் நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் முறைக்கு ஓரியோல்ஸ் ஆடிய இன்டர்நேஷனல் லீக் அப்போது உட்படவில்லை. டன் அதை முழுசாகப் பயன்படுத்தினார். நல்ல சம்பளம் கொடுத்து ஆட்களைத் தக்கவைத்தார், நியாயமான விலை வரும்வரை விடவில்லை. லெஃப்டி குரோவ் என்ற பிட்சரை ஐந்து சீசன் வைத்திருந்து, 1,00,600 டாலருக்கு ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் என்ற மேஜர் லீக் அணிக்குக் கொடுத்தார். முன்பு நியூயார்க் யாங்கீஸ் அணி பாஸ்டனிடமிருந்து ரூத்தை வாங்கக் கொடுத்த லட்சம் டாலரைவிட 600 கூடுதல். குரோவ் பக்கத்திலிருந்து பார்த்தால், மேஜர் லீகில் ஆடவேண்டிய வருடங்கள் போயின என்பதையும் மறுக்க முடியாது.

டன் 1928-ல் 56 வயதில் காலமானார். அணி குடும்பத்திடமே இருந்தது. 1954-ல் பால்டிமோருக்கு மேஜர் லீக் அணி வந்து ஓரியோல்ஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டபோது, பேரன் மூன்றாம் ஜாக் டன்னும் அதன் நிர்வாகத்தில் சேர்ந்தார்.