டிரெயிலுக்கு எத்தனை ஹெச்பி வேண்டும்? யூட்டிலிட்டி ஏடிவி கேள்வி பதில்

ஏடிவி என்பது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி. கீழே உள்ள பதில்கள் முன்னும் பின்னும் சாமான் ரேக், ஃபோர் வீல் டிரைவ், லோ கியர் (மெதுவாக, அதிக விசையோடு ஓட்டும் கியர்) மூன்றும் உள்ள யூட்டிலிட்டி ஏடிவிகளுக்கு. பந்தய ஏடிவிகளின் கணக்கு வேறு. ‘முழு எடை’ என்று வரும் இடத்தில் எல்லாம் வண்டி 330 கிலோ, ஓட்டுபவர் 85, சாமான் 35, ஆக 450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 450, 570, 850 சிசி மூன்றில் எதை எடுப்பது என்று குழப்பம். காட்டுப்பாதை, செங்குத்தான ஏற்றம், இடையிடையே சேறு. தனியாகத்தான் ஓட்டுவேன். சின்னதாக எடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படக் கூடாதே?

கணக்குப் போட்டால் குழப்பம் பாதி தீரும். 20 டிகிரி ஏற்றம் என்றால் 100 மீட்டருக்கு 36 மீட்டர் உயர்கிறது. டிரெயிலில் அது நல்ல செங்குத்துதான். அதில் 450 கிலோவை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மேலே தூக்க சுமார் 8.5 ஹெச்பி போதும். இளகிய மண் டயரைப் பிடித்து இழுப்பதற்கு இன்னும் மூன்றரை. ஆக சக்கரத்தில் 12 ஹெச்பி. பெல்ட், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து கால் பங்கைத் தின்கிறது என்று கொண்டால் எஞ்சின் 16 ஹெச்பி தர வேண்டும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450-க்கு கேட்லாக்கில் 33 ஹெச்பி, 570-க்கு 44, 850-க்கு 78. உங்கள் ஏற்றத்துக்கு இவற்றில் மிகச் சிறியதே இரட்டிப்பு வைத்திருக்கிறது.

அடுத்தது மண்ணின் பக்கம். காய்ந்த மண்ணில் உராய்வுக் கெழு 0.6 என்று எடுங்கள். நான்கு சக்கரமும் பிடித்தாலும், மணிக்கு 15 கி.மீ.யில் அந்த மண் ஏற்றுக்கொள்ளக்கூடியது சுமார் 15 ஹெச்பிதான். ஈரக் களிமண்ணில் அதில் பாதி. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் டயரைச் சுழற்றிப் பள்ளம் தோண்டும். ஆகவே மெதுவான டிரெயிலில் உங்களை நிறுத்துவது எஞ்சின் அல்ல, டயரும் எடையும் கியரும்.

நீங்கள் சொன்ன பயன்பாட்டுக்கு 450 போதும். 570 எடுத்தால் அகலமான பாதையில் நிம்மதியாக ஓடும், எஞ்சின் கத்தாது. 850-க்கு நீங்கள் சொன்னதில் ஒரு காரணமும் தெரியவில்லை.

கேள்வி: அப்படியானால் 850, 1000 எல்லாம் சும்மா பகட்டுக்கா?

இல்லை. வேகமும் மணலும் சேர்ந்தால் கணக்கு தலைகீழாகும். அதே 450 கிலோ, 15 டிகிரி மணல்மேடு, மணிக்கு 40 கி.மீ. மணலின் இழுவைக்கு மட்டும் 16 ஹெச்பி, ஏற்றத்துக்கு 17. எஞ்சினில் ஏறக்குறைய 45 ஹெச்பி வேண்டும். மணலில் வேகம் குறைந்தால் டயர் புதையும், புதைந்தால் இழுவை இன்னும் கூடும். அதனால் அங்கே ‘மெதுவாக ஏறிக்கொள்கிறேன்’ என்பது எடுபடாது. மணல்தான் முக்கிய மேய்ச்சல் என்றால் 570-இல் இருந்து தொடங்குங்கள், 700-க்கு மேல் வசதி. ஆழச் சேற்றில் 28 அங்குலத்துக்கு மேல் கனத்த டயரைச் சுழற்றுவோருக்கும், இரண்டு பேர் இருக்கை உள்ள நீள வண்டிக்கும் பெரிய எஞ்சின் நியாயம். குறுகிய காட்டுப்பாதையில் பழைய தலைமுறை கேன்-ஆம் 1000ஆர் தந்த 91 ஹெச்பியில் முக்கால்வாசி தூங்கிக்கொண்டுதான் வரும்.

கேள்வி: ஹெச்பியைப் பார்க்காதே, டார்க்கைப் பார் என்கிறார்கள். கேட்லாக்கில் இரண்டும் இருந்தால் எதை நம்புவது?

டார்க் என்பது எஞ்சினின் சுழற்றும் விசை. இரண்டும் ஒரே விஷயத்தின் இரு பக்கம். நியூட்டன் மீட்டரில் உள்ள டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி 7,121 ஆல் வகுத்தால் ஹெச்பி. 4,000 ஆர்பிஎம்மில் 30 நியூட்டன் மீட்டர் கொடுக்கும் எஞ்சின் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 17 ஹெச்பி தருகிறது. முதல் பதிலில் கேட்ட 16 அதில் வந்துவிட்டது. கேட்லாக்கில் அச்சிடும் உச்ச ஹெச்பி பெரும்பாலும் அதைவிட மிக உயர்ந்த ஆர்பிஎம்மில் வருவது. ஏற்றத்தின் நடுவே பாறைக்கு மேல் சக்கரத்தை வைக்கும்போது அந்த ஆர்பிஎம்மில் யாரும் இருப்பதில்லை.

ஆனால் இதில் ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஹோண்டா யூட்டிலிட்டி வண்டிகளைப் போல பல்சக்கர கியர்பாக்ஸ் இருந்தால் கீழ் ஆர்பிஎம் டார்க் நேரடியாகச் சக்கரத்துக்குப் போகும். அங்கே அந்த எண் உயிர்நாடி. பெல்ட்டால் கியர் தானாக மாறும் சிவிடி வண்டியில் கிளட்ச்தான் எஞ்சினை எந்த ஆர்பிஎம்மில் வைப்பது என்று முடிவு செய்கிறது. கிளட்சின் எடைகளும் ஸ்பிரிங்கும் சரியாக அமைந்த 30 ஹெச்பி சிவிடி, தவறாக அமைந்த 45-ஐ ஏற்றத்தில் வெட்கப்படுத்தும். ஓட்டிப் பார்க்கும்போது லோ கியரில் ஏற்றத்தில் நிறுத்தி, திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) மெல்ல அழுத்துங்கள். குதிக்காமல், பின்வாங்காமல், நடைவேகத்தில் கிளம்பினால் அமைப்பு சரி.

கேள்வி: எங்கள் பாதைகள் எல்லாம் 3,000 மீட்டர் உயரத்தில். 420 சிசி சிங்கிள் சிலிண்டர் தாங்குமா?

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் இழக்கும். 3,000 மீட்டரில் 30 சதவீதம் போச்சு. கடல் மட்டத்தில் 27 ஹெச்பி தந்தது அங்கே 19 தரும். 16 வேண்டிய ஏற்றத்துக்கு 19 போதும், ஆனால் கையிருப்பு இல்லை: சாமான் கூடினாலோ பெரிய டயர் போட்டாலோ முக்கும். அந்த உயரத்தில் தவறாமல் ஓட்டுபவர் ஒரு படி மேலே, 500 முதல் 570 சிசி வகுப்புக்குப் போவது சரி.

ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருந்தால் உயரம் பாதிக்காது என்று விற்பவர் சொல்வார். அது கலவையைத்தான் திருத்தும். இல்லாத காற்றைக் கொண்டுவராது. கார்புரேட்டர் வண்டிக்கு இரட்டை அடி: காற்று குறைவதோடு பெட்ரோலும் கூடுதலாகி ஸ்பார்க் பிளக் கருக்கும். அங்கே சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) போடுங்கள், கீழே இறங்கும்போது மறக்காமல் பழையதை மாட்டுங்கள். மாட்டாமல் ஓட்டினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும்.

கேள்வி: 25 அங்குல டயரை 27 ஆக்கினேன். வண்டி சோம்பேறி ஆகிவிட்டது. எக்ஸாஸ்ட் மாற்றினால் பவர் திரும்புமா?

எக்ஸாஸ்டில் கை வைக்காதீர்கள், சத்தம்தான் கூடும். 27-ஐ 25-ஆல் வகுத்தால் 1.08. கியர் 8 சதவீதம் நீண்டுவிட்டது, தரையில் கிடைக்கும் தள்ளுவிசை கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிட்டது. 28 போட்டிருந்தால் 12 சதவீதம். அதோடு சேற்று டயர் கனமானது. அந்தக் கனம் சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதால் ஒவ்வொரு கிளம்பலிலும் எஞ்சின் அதைச் சுழற்றியாக வேண்டும், பிரேக் அதை நிறுத்தியாக வேண்டும்.

சிவிடி என்றால் அந்த டயர் அளவுக்கான கிளட்ச் கிட் போடுங்கள்: முன் கிளட்சில் எடை குறைந்த வெயிட்டுகள், தேவைக்கேற்ப கடினமான ஸ்பிரிங். எஞ்சின் பழைய ஆர்பிஎம்முக்கே ஏறும், பெல்ட் வழுக்காது. அது வரை லோ கியரை இன்னும் சீக்கிரமே போடப் பழகுங்கள்.

கேள்வி: லோ கியர் எப்போது? ஏற்றத்தில் ஹை கியரிலேயே ஏறிவிடுகிறது, ஆனால் ரப்பர் கருகும் வாடை வருகிறது.

அந்த வாடை பெல்ட். ஹை கியரில் மெதுவாகப் போகும்போது முன் கிளட்ச் பெல்ட்டை முழுதாகப் பிடிக்காமல் அரைகுறையாகத் தேய்க்கும். பெல்ட்டின் பக்கங்கள் பளபளத்து வழுக்கும், அந்த வழுக்கலே மேலும் சூடாக்கும். தொடர்ந்து 15 கி.மீ.க்குக் கீழே போகிறீர்களா, சுமை இழுக்கிறீர்களா, சேற்றிலோ பாறையிலோ ஏறுகிறீர்களா, உடனே லோ. ஓடும்போது மாற்றாதீர்கள், நின்று, திராட்டில் விட்டு, மாற்றுங்கள். வாடை வந்தால் நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஐடிலுக்குச் சற்று மேலே ஓடவிட்டால் கிளட்ச் பெட்டிக்குள் காற்று ஓடி ஆறும்.

இறக்கத்திலும் லோ கியர்தான். எஞ்சின் பிரேக்கிங் அங்கேதான் சரியாகக் கிடைக்கும். பெரிய எஞ்சின் வாங்கினால் இறக்கத்தில் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதன் எடையும் சேர்ந்து உங்களைத் தள்ளும்.

கேள்வி: சின்ன டிரெய்லரில் 300 கிலோ விறகு இழுக்கணும் அண்ணா. 450 இழுக்குமா?

இழுக்கும். முழு எடை 450-உம் விறகு 300-உம் சேர்ந்து, டிரெய்லரின் சொந்த எடை நீங்கலாக, 750 கிலோ, 10 டிகிரி ஏற்றம், மணிக்கு 8 கி.மீ.: மண்ணின் இழுவையும் சேர்த்து சக்கரத்தில் சுமார் 7 ஹெச்பி போதும். பயப்பட வேண்டியது இறக்கத்தைப் பார்த்து. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னால் இருந்து தள்ளினால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள இழுவை எல்லையைத் தாண்டாதீர்கள். சுமையை அச்சுக்குச் சற்று முன்னே அடுக்கி, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழும்படி செய்யுங்கள். பின்பாரம் ஆனால் கொக்கி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும், பின் டயர் பிடி இழக்கும்.

கேள்வி: ஒற்றை இருக்கை வண்டியில் எப்போதாவது பின்னால் ஒருவரை ஏற்றலாமா? 700 சிசி, பவர் நிறைய இருக்கிறது.

கூடாது. இது பவர் விஷயமே இல்லை. பின் அச்சுக்கு மேலோ பின்னாலோ 70 கிலோ உட்கார்ந்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கி வண்டி பின்னோக்கிக் கவிழும். திராட்டில் பலமாக இருந்தால் இன்னும் வேகமாகக் கவிழும். ஆளை ஏற்றுவதென்றால் நீண்ட வீல்பேஸோடு இருவருக்கென்றே தயாரித்த வண்டி வாங்குங்கள்.

கேள்வி: பழைய 700 ஒன்று வாங்கினேன். நண்பரின் 450 முன்னால் போய்விடுகிறது. எஞ்சின் போச்சா?

எஞ்சினைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். முதலில் நியூட்ரலில் கையால் தள்ளிப் பாருங்கள்; சமதளத்தில் இரண்டு பேர் தள்ளியும் முக்கினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றைப் பாருங்கள்: பெரும்பாலான யூட்டிலிட்டி வண்டிக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ, அதுவும் குளிர்ந்த டயரில். சாதாரண கார் கேஜ் இவ்வளவு கீழே சரியாகக் காட்டாது, 0 முதல் 15 வரை உள்ள கேஜ் வேண்டும்.

பிறகு ஏர் ஃபில்டர். தூசிப் பாதையில் ஓடிய பழைய வண்டியில் பாதிக் குறைகள் அங்கேயே முடியும். ஃபில்டரைத் தாண்டி உள்குழாயில் தூசி இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது சிலிண்டரைத் தேய்த்திருக்கலாம். அடுத்து கிளட்ச் மூடியைத் திறந்து பெல்ட்டின் அகலத்தை அளந்து சர்வீஸ் மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். தேய்ந்து குறுகிய பெல்ட் கிளட்சுக்குள் ஆழமாக இறங்கும். அதனால் கிளம்பும்போது மந்தம், உச்ச வேகமும் குறைவு. அதன்பின் சைலன்சர் நுனியில் உள்ள ஸ்பார்க் அரெஸ்டர் (தீப்பொறியைத் தடுக்கும் வலை): கரி அடைத்தால் கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இருந்து மேலே மூச்சு முட்டும். இத்தனையும் சரியென்றால் வால்வ் கிளியரன்ஸ், கடைசியில் கம்ப்ரஷன்.

கேள்வி: பெரிய வண்டி வாங்கினால் சேற்றில் சிக்காது என்கிறார் நண்பர்.

சிக்கும், எடுப்பதுதான் கஷ்டம். 400 வகுப்பு 270 முதல் 300 கிலோ, 1000 வகுப்பு 350-ஐத் தாண்டும். அந்த வித்தியாசத்தைச் சகதியில் முழங்கால் ஆழத்தில் நின்று தூக்கிப் பார்த்தால் புரியும். மிச்சமாகும் பணத்தில் வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) போடுங்கள். முழு எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது குறைந்தபட்சம், உங்களுக்கு 675 கிலோ. சேற்றின் உறிஞ்சலும் உண்டு என்பதால் கடையில் 2,500 பவுண்டு என்று விற்பதை, அதாவது 1,134 கிலோவை, எடுங்கள். அந்த எண் டிரம்மில் கயிற்றின் முதல் சுற்றுக்கு மட்டும். மேல் சுற்றுகளில் இழுவை குறையும், ஆகவே கயிறை முடிந்தவரை வெளியே விட்டு இழுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே இழுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி காலியாகி இரண்டாவது சிக்கல் தொடங்கும்.

கேள்வி: பையனுக்கு 14 வயது, நல்ல உயரம். 450-ஐ திராட்டில் லிமிட்டர் வைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பெரியவர்களுக்கான வண்டிகளில் 16 வயதுக்குக் கீழ் ஓட்டக் கூடாது என்று ஸ்டிக்கரே இருக்கும். லிமிட்டர் வேகத்தைக் கட்டும், 300 கிலோவைக் கட்டாது. கவிழ்ந்தால் மேலே விழுவது அந்த 300 கிலோ. அவன் வயதுக்கென்று குறித்த வண்டியைக் கொடுங்கள்.