கோல்ஃபில், முனைகளில் எடை கூடிய பட்டர் பந்தை நேராக உருட்ட உதவுமா? குனிய முடியாதவர்களுக்கு வழி உண்டா?

கோலாலம்பூர் புக்கிட் கியாரா பக்கம் விளையாடும் நம்மவர்கள், முக்கியமாக ஓய்வு பெற்றவர்கள், அடிக்கடி கேட்பது இது. உதவும். பட்டர் என்பது குழிக்கு அருகில் பந்தை உருட்டும் மட்டை. பந்து போகும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகம்தான், அதாவது பந்தில் படும் பக்கம்தான், முடிவு செய்கிறது. 10 அடி தூரத்தில் முகம் 1 டிகிரி திரும்பினாலே பந்து சுமார் 2 அங்குலம் விலகும். குழியின் விட்டமோ 4.25 அங்குலம்தான்.

பந்து முகத்தின் நடுவில் படாவிட்டால் மட்டை முறுக்கிக்கொள்ளும். எடையை இரு முனைகளுக்கும் தள்ளிவிட்டால் அந்த முறுக்கு குறையும். தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் தண்ணீர் வாளி தொங்கவிட்டுச் சட்டென்று திரும்பிப் பாருங்கள், உடம்பு லேசில் திரும்பாது. அதே காரணம்தான். பொறியாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-லேயே இந்த அடிப்படையில் பிங் பட்டரைச் செய்தார். தினமும் பயிற்சி செய்ய நேரமில்லாதவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம் என்பேன்.

முதுகு வலி உள்ளவர்கள் நீளமான பட்டரை எடுத்தால் நிமிர்ந்து நின்றே அடிக்கலாம். விலையைவிட நீளம் முக்கியம், கடையில் நின்று பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

அப்புறம், நீளப் பட்டருக்கே தடை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 2016 முதல் தடை செய்யப்பட்டது மட்டையை, அல்லது அதைப் பிடித்த கையை, உடம்போடு ஊன்றி அடிப்பது மட்டும்தான், கை கால் இழந்தவர்களுக்கும் சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கும் தேவைப்பட்டால் அதிலும் விலக்கு உண்டு.